பஸ்ஸில் வந்தவள்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளைக் கஞ்சியக்கா என்பார்கள். டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுக்கு அவள் கஞ்சி போட்டால், உள்ளே ஆள் இல்லாமலே கோட்டு எழுந்து வார்டுக்கு நடந்துவிடும் என்று ஒரு பேச்சு. ஆனால் அந்தப் பெயர் கோட்டால் வந்ததல்ல, கழுத்தால் வந்தது. இருபத்திரண்டு வருஷ வேலையில் அந்தக் கழுத்து எந்த மேஸ்திரிக்கும் வளைந்ததில்லை.

துணியைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள். பொதுவார்டு விரிப்பில் ரத்தம் இருக்கும், சீழ் இருக்கும், அயோடின் இருக்கும். அதெல்லாம் நோயாளியின் குற்றமில்லை. ஐந்தாம் மாடிச் சிறப்பறை விரிப்பில்தான் குழம்புக் கை துடைத்த தடம் இருக்கும். "பெரிய மனுஷங்க வந்துட்டு போயிருக்காங்க" என்று இரண்டு விரலால் தூக்கிக் காட்டிவிட்டு இயந்திரத்தில் எறிவாள். ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர், சுடுதண்ணீர் பட்டால் கறை நூலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பதைப் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் திட்டித்தான் சொல்லிக் கொடுப்பாள். திட்டாமல் சொன்னால் மறந்துவிடுவார்களாம்.

வீட்டில் ஒரு புருஷன். கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம். எதைச் சொன்னாலும் "பார்ப்போம்" என்பார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் எதையும் பார்த்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை. இரண்டு வயது இளைய தங்கை ஒருத்தி, பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். அம்மா இறந்தபிறகு தையல் மெஷின் யாருக்கு என்பதில் சண்டை வந்து, மூன்று வருஷமாக அக்காளும் தங்கையும் பேச்சில்லை.

வம்பு ஒரு சின்ன விஷயத்தில் தொடங்கியது. சலவைக்கூடத்தை ஒரு புதுக் கம்பெனி ஒப்பந்தத்துக்கு எடுத்தது. எல்லோரும் அடையாள அட்டையைப் புதுப்பித்துக் கொண்டுவர வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அவள் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு அட்டை அலுவலகத்துக்குப் போனாள். கவுண்டரில் இருந்தவன் அவளுடைய பிறப்புச் சான்றிதழை வாங்கி, கம்ப்யூட்டரில் எதையோ தட்டி, முகத்தைச் சுளித்தான்.

"வீட்டுல பிறந்தவங்களா?"

"ஆமா. ஏன், வீட்டுல பிறந்தா குத்தமா?"

"பிரசவம் பார்த்த மருத்துவச்சி பேரு லிஸ்ட்டுல வருதுங்க. உங்க சான்றிதழ் செல்லாது. தபால் வரும்."

விஷயம் இதுதான். அந்த மருத்துவச்சி உரிமம் பெற்று அந்தப் பகுதியில் எண்ணூற்றுச் சொச்சம் பிரசவம் பார்த்தவர். அவற்றோடு, இந்த ஊரில் பிறக்காத நாலு பேருக்கு, இங்கேயே பிறந்ததாகப் பொய்ச் சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டார் என்று பின்னாளில் வழக்கு வந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டார், தண்டனையும் அனுபவித்தார், செத்தும் போய்விட்டார். அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அயலார் பதிவுத் துறையில் யாரோ ஒரு புத்திசாலி உட்கார்ந்து, நாலு பொய் என்றால் மீதி எண்ணூறும் பொய்யாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டான். அப்படி அந்த ஊரில் எண்ணூறு பேர், நாற்பது ஐம்பது வயதில், பிறக்காதவர்களாக ஆனார்கள். பிறக்காவிட்டால் எப்படி வந்தார்கள்? வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். வந்தவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

அவளுடைய அம்மாவும் அப்பாவும் வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள்தான். அதை அவர்கள் மறைத்ததில்லை. அம்மாவின் பாஷையில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சாப்பிடக் கூப்பிடுவதற்கும் வாயாரத் திட்டுவதற்கும் போதுமான நாற்பது வார்த்தை. அந்த நாட்டை அவள் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. தங்கையும் அதே அம்மாவுக்கு, அதே சந்தில் இருந்தபோது பிறந்தவள்தான். ஆனால் தங்கை பிறந்த அன்று மருத்துவச்சி ஊரில் இல்லாததால் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆகவே தங்கை குடிமகள், அக்காள் அயலாள்.

தபால் வந்தது. நீங்கள் அயலார் அல்ல என்பதை நிரூபிக்க விசாரணைக்கு வரவும். சாட்சிகளை அழைக்க விரும்பினால் இன்ன தேதிக்குள் விண்ணப்பிக்கவும். அந்த இன்ன தேதி, தபால் வந்த நாளுக்கு முந்தைய நாள்.

"பார்ப்போம்" என்றார் புருஷன்.

"நீங்க எதைப் பார்க்கப் போறீங்க? நேத்தைக்கு எப்படிப் போறதுன்னா?" என்றாள் அவள்.

விசாரணை நாளன்று இஸ்திரி போட்ட புடவை கட்டிக்கொண்டு போனாள். புருஷன் மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு கீழே பெஞ்சில் உட்கார்ந்தார். அவரை மேலே விடவில்லை. மூன்றாம் மாடியில் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. ஒரு நாற்காலி, ஒரு மேஜை, சுவரில் ஒரு திரை. விசாரணை அதிகாரி திரையில் வந்தார். குற்றம் சாட்டுகிற துறைதான் அவருக்கும் சம்பளம் கொடுக்கிற துறை. திரையின் மூலையில் இன்னொரு சின்னக் கட்டத்தில் கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் தெரிந்தார். அவர் மொழிபெயர்ப்பாளர்.

அதிகாரி கேட்டதை அவர் அவளுடைய அம்மாவின் பாஷையில் சொன்னார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"சார், எனக்கு நீங்க பேசுறதே நல்லா புரியுது. இந்த ஊர்லதான் பொறந்து வளர்ந்தேன். எனக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டாம்."

மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமினார். "தனக்கு எதுவும் வேண்டாம் என்கிறார், ஐயா."

"நான் அப்படியா சொன்னேன்?"

"அப்படியா சொன்னேன் என்று கேட்கிறார், ஐயா."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இங்க பாரும்மா, அயலார் விசாரணையில மொழிபெயர்ப்பாளர் இருக்கணும்னு விதி. உங்க வசதிக்குத்தான்."

"நான் அயலாளா இல்லையான்னு பார்க்கத்தானே சார் விசாரணை? அதுக்குள்ள அயலாள்னு முடிவு பண்ணி ஆளை உட்கார வச்சிருக்கீங்க?"

இது மொழிபெயர்ப்பாளருக்குக் கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது. "ஆட்சேபம் தெரிவிக்கிறார், ஐயா" என்று சுருக்கினார்.

தான் பேசுவது தனக்கே தப்புத் தப்பாகத் திரும்பி வருவதை அவள் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டாள். துவைக்கப் போட்டது ஒரு துணி, திரும்பி வருவது வேறொரு துணி. சலவைக்கூடத்தில் இப்படி நடந்தால் குறிச்சீட்டு கட்டியவளை நிற்க வைத்துக் கேள்வி கேட்பாள். இங்கே யாரைக் கேட்பது?

"எங்க பிறந்தீங்க?" என்றார் அதிகாரி.

"இதே ஊர்ல. தண்ணி டேங்குக்குப் பின்னாடி மூணாவது சந்து. அன்னைக்கு மழை, ரோடெல்லாம் தண்ணி. மருத்துவச்சியைக் கூட்டிட்டு வர வழியில்லாம, பக்கத்து வீட்டு டிரைவர் ஒருத்தர் தான் ஓட்டுற பஸ்ஸுலயே கூட்டிட்டு வந்துட்டாராம். அதனால எங்கம்மா என்னை எப்பவும் கேலி பண்ணுவாங்க, 'நீ பஸ்ஸுல வந்தவ'ன்னு."

சின்னக் கட்டத்திலிருந்தவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "தாம் பஸ்ஸில் வந்தவர் என்று சொல்கிறார், ஐயா."

அதுவரை தூங்கிக்கொண்டிருந்த அதிகாரியின் பேனா விழித்துக்கொண்டது.

"எந்த வருஷம் வந்தாங்க?"

"ஐயோ, நான் வரலை சார்! மருத்துவச்சி வந்தாங்க!"

"மருத்துவச்சியுடன் வந்ததாகச் சொல்கிறார், ஐயா."

சாட்சிக்கு ஆள் கூட்டிவர ஒரு வாரம் கொடுங்கள் என்றாள். அதற்கான தேதி கடந்துவிட்டது என்றார். தேதி கடந்த பிறகுதான் தபாலே வந்தது என்றாள். அது தபால் துறையின் விஷயம் என்றார். வக்கீல் வைத்துக்கொள்கிறேன் என்றாள். இது கோர்ட்டு இல்லை, இங்கே வக்கீலுக்கு இடமில்லை என்றார். கோர்ட்டு இல்லையென்றால் தீர்ப்பு மட்டும் எப்படி வரும் என்று கேட்டாள். அதற்கு மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறப்பதற்குள் திரை அணைந்தது. உள்ளே போனதிலிருந்து பதினொரு நிமிஷம் ஆகியிருந்தது.

கதவைத் திறந்தால் இரண்டு பெண் காவலர்கள் நின்றார்கள். உத்தரவு அதற்குள் அச்சாகி அவர்கள் கையில் இருந்தது. 'பேருந்து மூலம் நாட்டுக்குள் வந்ததை விசாரிக்கப்பட்டவரே ஒப்புக்கொண்டார். நாடு கடத்த உத்தரவிடப்படுகிறது.' கீழே பெஞ்சில் புருஷன் சாயங்காலம் ஐந்து மணிவரை உட்கார்ந்திருந்தார். கதவைப் பூட்ட வந்த காவலாளிதான், "அவங்களையா? அவங்களைப் பின்வாசல் வழியா காலையிலயே கொண்டுபோயிட்டாங்களே" என்றான். அன்றைக்கு மட்டும் அவர் பார்ப்போம் என்று சொல்லவில்லை. திறக்காத சாப்பாட்டுப் பாத்திரத்தோடு நேரே மைத்துனி வீட்டுக்குப் போனார்.

தங்கை கதவைத் திறந்து, விஷயத்தைக் கேட்டு, வாசலிலேயே வெடித்தாள். "மாமா, நான் அவளுக்காக வர்றேன்னு நினைக்காதீங்க. அவ வாய்க்கு இது வேணும். ஆனா அவ அயலாள்னா, எங்கம்மா பொய் சொன்னவங்கன்னு ஆகுது. அதை எப்படி விடுறது?"

சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வார விடுப்பு எழுதினாள்.

தடுப்பு மையம் ஒரு காலத்தில் பஞ்சுக் கிடங்காக இருந்தது. ஒரு நீளக் கூடத்தில் அறுபது பெண்கள், அறுபது கட்டில். முதல் நாளே கஞ்சியக்கா கம்பளியை முகர்ந்து பார்த்துவிட்டுக் காவலரைக் கூப்பிட்டாள்.

"இதுக்குப் பேரு துவைச்சதா? சோப்பை அலசவே இல்லை. படுத்தா உடம்பெல்லாம் அரிக்கும். ரெண்டு தண்ணி விட்டு அலசச் சொல்லுங்க."

"நீ என்ன இங்க மேற்பார்வைக்கா வந்திருக்க?" என்றாள் காவலர்.

"நானா வந்தேன்? நீங்கதானே கூட்டிட்டு வந்தீங்க. கூட்டிட்டு வந்தா ஒழுங்கா வச்சிருக்கத் தெரியணும்."

காவலருக்கும் அரிப்பு இருந்திருக்கும் போல. பத்து நாளில் கம்பளிகள் அலசி வந்தன. அங்கே அவளுக்குக் கிடைத்த ஒரே நியாயம் அதுதான்.

பக்கத்துக் கட்டிலில் சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைக்கிறவள் ஒருத்தி. எல்லோரும் பொத்தான் என்றே கூப்பிட்டார்கள். அவளுடைய அப்பா இந்த நாட்டுக்காரர். அவர் மகள் என்பதால் அவளும் இந்த நாட்டுக்காரிதான். அப்பா பக்கத்து ஊரில் உயிரோடு இருக்கிறார், எங்கே வேண்டுமானாலும் வந்து சத்தியம் செய்யத் தயாராக இருக்கிறார். அவரை யாரும் கூப்பிடவில்லை. அவளுடைய விசாரணை ஏழு நிமிஷம்.

"உனக்குப் பதினொண்ணாக்கா? ரொம்ப நேரம் பேசியிருக்காங்களே" என்று அவள் நிஜமாகவே பொறாமைப்பட்டாள். கஞ்சியக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குளிக்க வரிசையில் நின்றபோது, பொத்தானின் பெயரைக் கூப்பிட்டார்கள். தலையில் சுற்றிய ஈரத் துண்டோடு போனாள். திரும்பி வரவில்லை. அவள் அப்பா போட்ட மனு ஒன்பது நாள் கழித்து கோர்ட்டில் எடுத்துக்கொள்ளப்பட்டது. மனுவுக்கு உரியவர் நாட்டில் இல்லாததால் விசாரிக்க ஒன்றுமில்லை என்று முடித்தார்கள். நாட்டை விட்டு அனுப்பியதும் அவர்கள், இல்லையே என்றதும் அவர்கள். அன்று முழுக்கக் கஞ்சியக்கா யாரையும் திட்டவில்லை. அதைப் பார்த்துத்தான் கூடத்திலிருந்த மற்றவர்களுக்குப் பயம் வந்தது.

வெளியே தங்கை ஒரு வக்கீலைப் பிடித்து, அக்காளை அனுப்பாமலிருக்கத் தற்காலிகத் தடை வாங்கியிருந்தாள். கட்டுக்கட்டான பழைய காகிதத் தூசியில் வாழ்ந்து வாழ்ந்து, அவர் பத்து வார்த்தைக்கு ஒரு தும்மல் போடுவார். பார்க்க ஒன்றுக்கும் உதவாதவர் போல இருப்பார். ஆனால் அவர் கையில் ஒரே ஒரு கேள்வி இருந்தது. அதைப் பதினைந்து வருஷமாக ஒவ்வொரு கோர்ட்டிலும் கேட்டுக் கேட்டுத் தோற்றுக்கொண்டிருந்தார். இந்த முறை மூன்று நீதிபதிகள் அமர்ந்த மேல் நீதிமன்றத்தில் கேட்டார்.

"நாடு கடத்துற அதிகாரத்தைச் சட்டம் இந்தத் துறைக்குக் கொடுத்திருக்கு. யார் மேல? அயலார் மேல மட்டும். இந்த அம்மா, நான் அயலாள் இல்லைங்கிறாங்க. அது பொய்யாவே இருக்கட்டும். பொய்யா நிஜமான்னு தெரியறதுக்கு முன்னாடியே அந்தத் துறைக்கு எப்படி அதிகாரம் வந்தது? குற்றம் சொல்றவங்களே அதை முடிவு பண்ணலாம்னா, நாளைக்கு உங்களையும்..." என்று சொல்ல வந்தவர் தும்மிவிட்டார். சொல்லியிருந்தாலும் அந்தத் தும்மல் அளவுக்கு எடுபட்டிருக்காது. கோர்ட்டு முழுவதும் மீதியை மனசுக்குள் முடித்துக்கொண்டது.

துறையின் வக்கீல் எழுந்து, முறைப்படி விசாரணை நடந்தது, பதினொரு நிமிஷம் போதுமான அவகாசம்தான் என்றார்.

நடுவில் இருந்த நீதிபதி அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "போன வாரம் இந்தக் கண்ணாடிக்குப் பவர் பார்க்கவே எனக்கு அரைமணி நேரம் ஆச்சு" என்றார்.

தீர்ப்பு இரண்டு வாரத்தில் வந்தது. குடியுரிமை கோருகிறவரை, அந்தக் கோரிக்கையைத் துறைக்கு வெளியே உள்ள ஒரு நீதிபதி முழுதாக விசாரித்து முடிக்கும்வரை அனுப்பக் கூடாது. சாட்சி, வக்கீல், குறுக்கு விசாரணை எல்லாம் உண்டு. துறை தானே நடத்தும் விசாரணைகளும் இனிமேல் பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கும்படி திறந்த அறையில்தான் நடக்க வேண்டும். நான்கு மாதமும் ஒன்பது நாளும் கழித்துக் கஞ்சியக்கா வெளியே வந்தாள். வாசலில் நின்ற தங்கையை மேலும் கீழும் பார்த்து, "இளைச்சுட்ட" என்றாள். "நீ மட்டும் என்னவாம்" என்றாள் தங்கை. மூன்று வருஷப் பேச்சின்மை அவ்வளவில் தீர்ந்தது. தையல் மெஷினைப் பற்றி இருவரும் வாயே திறக்கவில்லை.

ஆனால் விசாரணை கிடைத்தால் போதுமா, சாட்சி வேண்டுமே? பஸ் கதை அம்மாவின் வாயில் மட்டும் இருந்தது. அந்த வாய் இப்போது இல்லை. தங்கை பழைய சந்துக்குப் போய் வீடு வீடாகக் கேட்டாள். முக்கால்வாசிப் பேர் மாறிவிட்டார்கள். கடைசியில் ஒரு மாவு மில்காரர், அந்த டிரைவர் இப்போது நகரத்தின் மறுமுனையில் மகன் வீட்டில் இருக்கிறார் என்று விலாசம் கொடுத்தார்.

மூன்றாம் மாடி வீட்டில், எழுபத்தெட்டு வயதில், காதுக்கருவி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் டிரைவர். தங்கை கதையைச் சொன்னதும் அவர் முகம் கடுகடுத்தது.

"அந்தப் பொண்ணா? அது இன்னும் இருக்கா?"

"இருக்காங்க ஐயா. என் அக்காதான்."

"அதால எனக்கு எவ்வளவு கெட்ட பேரு தெரியுமா? நான் ஒரு நாள் லேட்டா வண்டி எடுத்தவன் இல்ல. பதினஞ்சு நாள் வீட்டுல உட்கார வச்சுட்டானுங்க. விளக்கம் எழுதிக் கொடுத்தேன். படிச்சுக்கூடப் பார்க்கல. ஆறு வருஷம் மேல மேல மனுப் போட்டேன், ஒருத்தன் என்னைக் கூப்பிட்டு என்னப்பா நடந்துச்சுன்னு கேட்கல."

எழுந்துபோய் ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். நாற்பத்தாறு வருஷமாக மடித்து வைத்திருந்த மெமோவை எடுத்து மேஜையில் போட்டார்.

தங்கை அதை எடுத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். தேதி அக்காள் பிறந்த தேதி. 'பதினாலாம் எண் வழித்தடப் பேருந்தை, காலை பதினொன்று நாற்பதுக்கு, பத்தொன்பது பயணிகளுடன், அனுமதியின்றிப் பாதை மாற்றி, மருத்துவச்சி ஒருவரை ஏற்றிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறமுள்ள மூன்றாவது சந்து முனையில் முப்பத்தைந்து நிமிடம் நிறுத்தி வைத்த குற்றத்துக்காக...' கீழே, 'விளக்கம் திருப்திகரமாக இல்லை.'

ஒரு குழந்தை பிறந்ததைப் பதிந்த காகிதத்தை நம்பாத அரசாங்கம், ஒரு பஸ் தாமதமானதை இவ்வளவு துல்லியமாகப் பதிந்து வைத்திருந்தது.

நீதிபதி முன்னால் விசாரணை நான்கு நாள் நடந்தது. முதல் நாள் தங்கை கூண்டில் ஏறினாள். துறையின் வக்கீல் முதல் கேள்வியாக, "உங்க அக்கா பிறந்தபோது நீங்க நேர்ல பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

"நான் ரெண்டு வருஷம் இளையவ சார்."

"அப்ப பார்க்கல?"

"பார்த்திருந்தா நான்தானே சார் அக்கா?"

நீதிபதி குனிந்து எதையோ எழுதுவது போல் இருந்தார். மூன்றாம் நாள் டிரைவர் வந்தார். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். சத்தியம் செய்து முடித்ததும், கேள்விக்குக் காத்திராமல் நீதிபதியைப் பார்த்துத் திரும்பினார்.

"ஐயா, முதல்ல என் மெமோ தப்புன்னு எழுதுங்க. அப்புறம் இந்தப் பொண்ணு விஷயத்தைச் சொல்றேன்."

"பெரியவரே, அந்த வழக்கு இங்க இல்லை."

"எங்கயும் இல்லைங்கய்யா. அதுதானே என் கஷ்டம்."

இவரே எழுதிக்கொண்ட போலிக் காகிதமாக இருக்கலாம் என்றார் துறையின் வக்கீல். அதைக் கேட்டு டிரைவர் கூண்டிலிருந்து இறங்கியே வந்துவிட்டார். இரண்டு பேர் பிடித்து உட்கார வைத்தார்கள். "தன் மேல தானே குத்தம் சுமத்தி எவனாவது காகிதம் எழுதுவானா?" என்று உட்கார்ந்த இடத்திலிருந்து கத்தினார். தும்மல் வக்கீல் அமைதியாக எழுந்து, பணிமனையில் இருக்கும் மூலக் கோப்பை வரவழைக்கும்படி கேட்டார்.

நான்காம் நாள் கோப்பு வந்தது. மெமோவின் நகல் இருந்தது, முத்திரை இருந்தது, ஓரங்களைக் கறையான் தின்ற டிரைவரின் விளக்கம் இருந்தது. அதற்கும் அடியில் யாருமே எதிர்பார்க்காத ஒன்று இருந்தது. அன்று பஸ்ஸில் உட்கார்ந்திருந்த ஒரு பயணியின் புகார்க் கடிதம். கையெழுத்து, விலாசம், டிக்கெட் எண் எல்லாவற்றோடும் மகா கோபமாக எழுதியிருந்தார். நீதிபதி அதைத் தாமே வாய்விட்டுப் படித்தார்.

"'பயணிகள் பலமுறை கேட்டுக்கொண்டும் ஓட்டுநர் வண்டியை எடுக்க மறுத்தார். மூன்றாவது வீட்டிலிருந்து குழந்தை அழும் சத்தம் கேட்டு, பெண் குழந்தை என்று ஒருவர் வந்து சொன்ன பிறகே புறப்பட்டார். இத்தகைய பொறுப்பற்ற ஓட்டுநர் மீது கடும் நடவடிக்கை எடுக்க வேண்டும்.'"

கஞ்சியக்கா முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தான் அழுத முதல் அழுகையை யாரோ ஒரு சிடுமூஞ்சி எரிச்சலோடு எழுதி வைத்திருக்கிறான். அம்மா சொன்னது அத்தனையும் நிஜம். புருஷன் அவள் கையைப் பிடித்தார்.

இந்த நாட்டில் பிறந்தவர், இந்த நாட்டுக் குடிமகள் என்று நீதிபதி எழுதினார். இந்த ஒரு காகிதத்தை முதல் நாளே தேடியிருந்தால் ஒரு பெண் நான்கு மாதம் அடைபட்டிருக்க வேண்டியதில்லை என்றும் எழுதினார். டிரைவரைப் பற்றி, அவர் செய்தது மனிதத்தன்மையான காரியம் என்று ஒரு வரி சேர்த்தார். அந்த வரியின் நகலை வாங்கிக்கொண்டுதான் டிரைவர் வீட்டுக்குப் போனார். வாசலில் அவளைப் பார்த்து, "நல்லா இரு. இனிமேலாவது யாருக்கும் லேட்டு பண்ணாத" என்றார்.

துறையிடமிருந்து ஒரு தபால் வந்தது. 'தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டு ஏற்கப்பட்டது.' அவ்வளவுதான். கோரிக்கையாம்! தப்பு என்றோ வருத்தம் என்றோ ஒரு எழுத்து இல்லை. பதினொரு நிமிஷ அதிகாரிக்குப் பதவி உயர்வு கிடைத்தது. புதிதாகச் சேரும் அதிகாரிகளுக்கு விசாரணை நடத்துவது எப்படி என்று பயிற்சி கொடுக்கும் பதவி. சலவைக்கூடத்துக் கம்பெனி அவளைப் புதிய ஆளாகத்தான் சேர்த்துக்கொண்டது. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவோம் என்று மேற்பார்வைக்காரி கூசிக் கூசிச் சொன்னாள். அந்த மேற்பார்வைக்காரிக்கு ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர் என்று திட்டிச் சொல்லிக் கொடுத்தவளே இவள்தான்.

பொத்தானிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. அங்கே யாரையும் தெரியாது, பேசுவது புரியவில்லை, இன்னொரு சட்டைக் கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள். மூன்றாவது கடிதம் வரவில்லை. தும்மல் வக்கீல் அவளுக்காகப் புது மனு போட்டிருக்கிறார். எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது.

கஞ்சியக்காவுக்கு வார விடுப்பு வியாழக்கிழமை. விடுப்பு நாளில் காலை சமையலை முடித்துவிட்டு அவள் அயலார் பதிவுத் துறைக்குப் போகத் தொடங்கினாள். தீர்ப்புக்கு அப்புறம் திறந்த அறை வந்திருந்தது. பொதுமக்களுக்கு என்று பன்னிரண்டு நாற்காலியும் போட்டிருந்தார்கள். முதல் தடவை அவள் போனபோது பன்னிரண்டும் காலி. நடுவில் ஒன்றில் உட்கார்ந்துகொண்டாள்.

புது அதிகாரி, சின்ன வயசு. முன்னால் ஒரு கொத்தனார் நின்றுகொண்டிருந்தார். கைகால் சிமெண்டில் வெடித்திருந்தது. அவருக்கு நாற்காலி கொடுத்திருக்கவில்லை. அதிகாரி கோப்பைப் புரட்டியபடி, "ஒரே ஒரு கேள்விதான்" என்று ஆரம்பித்தார். அப்புறம் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க யாரும்மா? இவருக்கு என்ன உறவு?"

"உறவு ஒண்ணும் இல்ல. இவரை எனக்குத் தெரியாது."

"அப்புறம் எதுக்கு உட்கார்ந்திருக்கீங்க?"

"பொதுமக்கள்னு போட்டிருக்கே, நாற்காலி மேல. நான் பொதுமக்கள்."

அதிகாரி கதவருகே நின்ற உதவியாளரைப் பார்த்தார். அவன் தோளைக் குலுக்கினான். அவள் கையைக் கட்டிக்கொண்டு, ஐந்தாம் மாடி விரிப்பைப் பார்ப்பது போல அதிகாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கோப்பை மூடினார். திரும்பத் திறந்தார்.

"இவருக்கு ஒரு நாற்காலி கொண்டு வாப்பா" என்றார். பிறகு கொத்தனாரிடம், "உட்காருங்க. எங்க பிறந்தீங்க, யார் பார்த்தாங்க, முதல்லேருந்து சொல்லுங்க. சாட்சி யாராவது இருக்காங்களா?"

கொத்தனாருக்குச் சாட்சி ஏழு பேர் இருந்தார்கள். அன்றைய விசாரணை சாப்பாட்டு நேரத்தையும் தாண்டிப் போயிற்று. அதிகாரியின் வயிறு கூவியது நாற்காலி வரைக்கும் கேட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை தங்கையையும் கூட்டிக்கொண்டு போனாள்.